சருகுப் போர்வை

அடக்கத்துக்கு வந்தவர்கள்: தோல் பட்டறை முதலாளி அப்துல் வாஹித். அதே பட்டறையில் தோல் வெட்டும் வாசிம். தொழ வைத்த இமாம். கபர்ஸ்தான் என்கிற அந்த இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் நசீர் பாய். தாராவியில் அவர்களுடைய சந்திலிருந்து நான்கு பேர். அதில் இருவருக்கு இறந்தவன் பெயர்கூடத் தெரியாது. கேட்டுக்கு வெளியே, சாயிமா.

சாயிமா அப்துல் வாஹிதின் மகள். பதினோரு வயது. சில கபர்ஸ்தான்களில் பெண்களை உள்ளே விடுவார்கள். இங்கே விடுவதில்லை. அதனால் அவள் தகர கேட்டுக்கு வெளியே, எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாக நின்றாள்.

இறந்தவன் தப்ரேஸ். வயது பத்தொன்பது. பீகாரில் ஏதோ ஒரு கிராமம். பகலில் பட்டறையில் பை தைப்பான். ராத்திரி அங்கேயே தோல் கட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வான். மாசிப் பனியில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஊர் வெகு தூரம். உடலை அனுப்ப வழியில்லை. இங்கேயே அடக்கம் செய்தார்கள்.

செத்த பிறகு எல்லாரும் அவனைத் தங்கமான பையன் என்றார்கள். சாயிமா அப்படிச் சொல்லவில்லை. கேரம் ஆடும்போது அவன் காயை ஒளித்துவைப்பான். கேட்டால், "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்பான்.

ஆனால் அவளுடைய பள்ளிப் பையின் வார் அறுந்தபோது, கேட்காமலேயே தைத்துக் கொடுத்தான். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்ததால் ஆரஞ்சு நூல். "பை தொலைஞ்சா ஈஸியாக் கண்டுபிடிக்கலாம்" என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னான். அந்தத் தையல் இன்னும் விடவில்லை.

மண்ணை மூடியதும் வாசிம் அந்த மேட்டின் மேல் ஒரு சப்ஜாச் செடியை நட்டான். துளசி மாதிரிதான் இருக்கும். இலையைக் கசக்கினால் கை முழுக்க மணக்கும். கபர் மேல் பச்சை இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் என்று சொல்வார்கள். அதனால் அந்தக் கபர்ஸ்தானில் பாதிக் கபர்களில் சப்ஜா நட்டிருந்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேல் காய்ந்து கிடந்தன.

*

வெள்ளிக்கிழமைதோறும் தப்ரேஸின் அம்மா போன் செய்வாள்.

சாயிமாவின் வாப்பா இந்தியில் வியாபாரம் பேசுவார், சண்டை போடுவார். இதைப் பேச அவருக்கு வரவில்லை. போன் அடித்ததும் சாயிமாவிடம் நீட்டிவிடுவார். "நீ பேசு. எனக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது."

அந்த அம்மாவை சாயிமா 'காலா' என்று கூப்பிட்டாள். சின்னம்மா என்று அர்த்தம்.

காலா அவளை மகளே என்ற பொருளில் 'பேட்டி' என்பாள். ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "பேட்டி, பச்சையா இருக்கா?"

"இருக்கு காலா. பச்சையா இருக்கு."

"சரி. அப்ப இன்னிக்குத் தூங்குவேன்."

சாயிமா அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. நட்ட செடி இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துச் சொன்னாள். வெயில் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பட்டறைக்குப் போய் வாசிமிடம் கேட்டாள். வாசிம் இந்திதான் பேசுவான். திட்டுவதற்கு மட்டும் தமிழ் வைத்திருந்தான். இப்போது அவன் திட்டவில்லை. போனில் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான்.

வெடித்துக் கிடந்த மண்மேடு. நடுவில் துடைப்பக்குச்சி மாதிரி ஒன்று நின்றது.

"எப்பச் செத்துச்சு?"

"போன வாரம். அதுக்கு முந்தின வாரமாக்கூட இருக்கலாம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல."

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. இந்தத் தடவை சாயிமாவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும், "பச்சையா இருக்கு" என்றாள். கொஞ்சம் நேரம் எடுத்துச் சொன்னாள்.

காலா தூங்கப்போவதாகச் சொல்லவில்லை. "நான் வர்றேன் பேட்டி" என்றாள். "மழைக்கு முந்தி வர்றேன். டிக்கெட் போடப்போறேன். அந்தப் பச்சையை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

அன்று சாயிமா மீன்குழம்பைத் தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, மீனு உன்னைப் பாத்து முறைக்கா?" என்றார் உம்மா, அக்தர் பானு.

*

மாட்டுங்கா பூக்கடை வீதியிலிருந்து வாசிம் இரண்டு புதுச் செடிகள் வாங்கி வந்து நட்டான். செடி கிடைத்துவிட்டது. கிடைக்காதது தண்ணீர்.

கபர்ஸ்தான் தொட்டியில் சொட்டு இல்லை. சந்தில் காலையில் ஒரு மணி நேரம் குழாய் வரும், வந்ததும் குடங்கள் சண்டைக்கு நிற்கும். "குடிக்கவே காணல, இதுல செடிக்கா?" என்றார் உம்மா. சொல்லிவிட்டு, வாரத்துக்கு ஒரு கேன் மட்டும் ஒதுக்கிவைத்தார். அதை சாயிமா வெள்ளிக்கிழமை கேட் வரை சுமந்து போவாள். கேட்டிலிருந்து வாசிம் வாங்கிக்கொள்வான்.

மற்ற நாட்களில் யார் ஊற்றுவது? நசீர் பாயிடம் கேட்டுப் பார்த்தார்கள்.

"நான் கபர் வெட்டவா, செடி வளக்கவா? எனக்கு இடுப்பு வலி" என்றார் அவர். நசீர் பாய்க்கு எந்த வேலை சொன்னாலும் இடுப்பு வலிக்கும்.

ஒரு கேன் தண்ணீர் அந்த மண்ணில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஊற்றும்போது குடிக்கும், மறுநாளே வாயைப் பிளந்து கிடக்கும். வெயில் நேராக மண்ணில் அடிக்கிறது, அதுதான் காரணம் என்று சாயிமா யோசித்தாள். மண்ணை எதையாவது போட்டு மறைக்க வேண்டும்.

எதைப் போட்டு? தோல் பட்டறைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் தோல்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் தோலை வைத்து அடைப்பார்கள். மேசை ஆடினால் காலுக்கு அடியில் தோல். குழாய் கசிந்தால் தோலைச் சுற்றிக் கட்டுவார்கள். பட்டறை மூலையில் வெட்டிப்போட்ட துண்டுகள் ஒரு மூட்டை கிடந்தன.

"இதைப் பரப்பிவிடுங்க வாசிம் பாய்" என்றாள்.

வாசிம் பரப்பிவிட்டு வந்தான். போட்டோவில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து நசீர் பாய் பட்டறைக்கே வந்து நின்றார். கையில் ஈரமான ஒரு தோல் துண்டு. பல் பதிந்திருந்தது.

"வாஹித் பாய், இது உங்க சரக்குதானே?"

வாப்பா வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்க சரக்குதான். எங்க கெடைச்சுது?"

"நாய் வாயில. தண்ணி பட்டதும் வாடை கெளம்பியிருக்கு. சுவரேறிக் குதிச்சு மூணு நாய் வந்து கபரைப் பறண்டுது. கபர்ஸ்தானா, கசாப்புக் கடையா? கம்பெடுத்து வெரட்டி வெரட்டி என் இடுப்பே போச்சு."

இந்தத் தடவை அவருக்கு உண்மையாகவே இடுப்பு வலித்திருக்கும்.

வாப்பா சாயிமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "போதும். செடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவன் அங்க நிம்மதியாக் கெடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். தையல் மெஷின் சத்தம் மறுபடி தொடங்கியது.

இரண்டு செடிகளில் ஒன்றை நாய்கள் மிதித்துவிட்டன. மற்றொன்றில் நாலைந்து இலைகள் பாக்கி இருந்தன.

*

அடுத்த வெள்ளிக்கிழமையும் சாயிமா கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். வாப்பா வேண்டாம் என்றது நினைவிருந்தது. ஆனால் வாப்பாவும் வாசிமும் ஜும்மாத் தொழுகை முடிந்து, உள்ளே கபரில் துஆ கேட்கப் போகும்போது, செருப்புகளுக்கு ஒரு காவல் வேண்டுமே.

வெயில் தகர கேட்டில் பட்டு முகத்தில் அடித்தது. கேட்டின் நிழல் ஒரு சாண்தான் இருந்தது. அதில் ஒண்டிக்கொள்ளக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. அதன் வழியே உள்பக்கத் தரை தெரிந்தது. கபர்ஸ்தானில் அவள் பார்க்க முடிந்தது அவ்வளவுதான்.

உள்ளே ஒரு பாதாம் மரம் இருந்தது. அது நாளெல்லாம் பெரிய பெரிய இலைகளாக உதிர்க்கும். நசீர் பாய் கூட்டிக் கேட்டோரம் குவித்து, சாயந்திரம் கொளுத்துவார். இந்த வாரம் கொளுத்தவில்லை. இடுப்பு.

பொழுது போகாமல் சாயிமா இடைவெளியில் கையை விட்டுச் சருகுக் குவியலைக் கிளறினாள். மேலே இருந்தவை அப்பளம் மாதிரி நொறுங்கின. கொஞ்சம் கீழே போனால் மெத்தென்று இருந்தது. இன்னும் கீழே, குளிர்ச்சி.

அவள் கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் கறுப்பு ஈர மண். அதில் ஒரு மண்புழு நெளிந்தது.

இங்கே எப்படித் தண்ணீர்? இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு டீ கிளாஸ் கவிழ்ந்திருந்தது. நசீர் பாய் கிளாஸ் கழுவிய தண்ணீரை அங்கேதான் வீசுகிறார். அது பாதி சருகு மேல் விழுகிறது, பாதி கூட்டிய தரையில் விழுகிறது.

கூட்டிய தரையைத் தொட்டாள். சுட்டது. தட்டினால் சத்தம் வரும் போலக் கெட்டியாக இருந்தது.

அதே வெயில். அதே கிளாஸ் தண்ணீர். ஒன்றின் மேல் சருகு கிடக்கிறது, மற்றதில் இல்லை.

விவசாயம் செய்கிறவர்கள் இதற்கு மூடாக்கு என்று பேர் வைத்திருக்கிறார்கள். சாயிமாவுக்குப் பேர் தெரியாது. சரியாகத்தான் பார்த்தோமா என்று இன்னொரு தடவை கையை நுழைத்துத் துழாவினாள்.

உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது.

"யா அல்லாஹ்" என்றது நசீர் பாயின் குரல். துடைப்பத்தைக் கீழே போட்டிருந்தார். "யாரது? யாரு கை?"

"நான்தான் நசீர் பாய். சாயிமா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "இருபது வருஷமா இங்க வேலை பாக்குதேன்" என்றார். "இதுவரைக்கும் யாரும் தரையிலேர்ந்து வெரல நீட்டுனதில்ல."

"நசீர் பாய், இந்தச் சருகைத் தப்ரேஸ் கபர் மேல போடலாமா?"

"கபர் மேல கச்ராக் குப்பையைப் போடச் சொல்லுதியா? தோல் போட்டுப் பட்டது போதாதா?"

"கச்ரா இல்ல. மரந்தான் அது மேல தெனமும் போடுதே. நீங்கதான் தெனமும் எடுக்கீங்க. இதுக்கு நாயும் வராது."

நசீர் பாய் துடைப்பத்தை எடுத்து மறுபடி பெருக்கத் தொடங்கினார். சாயிமா யோசித்தாள். இவரிடம் செடியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

"அந்த ஒரு கபரை மட்டும் நீங்க பெருக்க வேண்டாம்" என்றாள்.

துடைப்பத்தின் சத்தம் நின்றது. "பெருக்க வேண்டாமா?"

"வேண்டாம். தெனமும் தண்ணியும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு கேன் போதும், அதை நான் கொண்டு வருவேன்."

"அந்தச் சருகைக் கொளுத்தவும் வேண்டாம்?"

"கொளுத்தவே கூடாது."

உள்ளே துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு நசீர் பாய் சொன்னார்: "இத ஏன் இத்தன வருஷமா ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லல?"

வாப்பா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மகள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். கையில் இருந்த மண்ணையும் பார்த்தார். நசீர் பாய் சொன்ன எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்க வேண்டும். கேனை எடுத்து வாசிமிடம் கொடுத்தார்.

சாயிமா வெளியிலிருந்து சொல்லச் சொல்ல, வாசிம் உள்ளே செய்தான். முதலில் முழுக் கேனையும் ஊற்றி மண்ணை நனைத்தான். அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு. காற்றில் பறக்காமல் இருக்க, பட்டறையிலிருந்து ஒரு பழைய சணல் சாக்கைக் கொண்டு வந்து, நடுவில் ஓட்டை வெட்டி, செடியை அதன் வழியே வெளியே விட்டு மேலே போர்த்தினான். பிறகு போட்டோ எடுத்து வந்து காட்டினான்.

"கழுத்து வரைக்கும் நெருக்கிட்டீங்க" என்றாள் சாயிமா. "தண்டைச் சுத்திக் கொஞ்சம் எடம் விடுங்க. அதுக்கு மூச்சு முட்டும்."

வாசிம் தமிழில் ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.

*

மே மாதம் வந்தது. சந்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் ஆர்டர் குறைந்தது. தப்ரேஸின் மெஷினில் வேறு யாரும் உட்காரவில்லை. உட்கார வைக்க ஆளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சாயிமா கேனைச் சுமந்தாள். சருகு மக்கி அமுங்கியபோது, நசீர் பாய் அவராகவே இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார். பெருக்குவதைவிடப் போடுவது சுலபம் என்றார்.

ஒரு நாள் போட்டோவில் தப்ரேஸின் கபருக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று தெரிந்தது. அது மிகவும் சின்னது.

"யாரு?" என்றாள் சாயிமா.

"யாரோ. கைக்குழந்தை" என்றான் வாசிம்.

அந்தச் சின்னக் கபர் மேலும் சருகு பரப்பியிருந்தது. யார் சொல்லி என்று சாயிமா கேட்கவில்லை.

செடி பூத்துக் குலுங்கவில்லை. அது சாகாமல் இருந்தது. இரண்டு கிளை விட்டிருந்தது. அவ்வளவுதான். மற்ற சப்ஜாக்கள் எல்லாம் குச்சிகளாக நின்றபோது அது மட்டும் பச்சையாக இருந்தது.

காலா வருகிற வாரத்தில்தான் உம்மா அதைச் சொன்னார். "அந்தம்மாவையும் உள்ள விட மாட்டாங்கல்ல?"

சாயிமாவுக்கு அது முதலிலேயே தெரியும். வாரா வாரம் அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்பவள் அவள்தானே. போனில் சொல்ல வாய் வரவில்லை.

"என்ன செய்ய? வாசல்ல நின்னு துஆ கேட்டுட்டுப் போகட்டும்" என்றார் வாப்பா. "வாசிம் வீடியோ எடுத்துக் காட்டுவான்."

*

காலா சின்ன உருவம். குர்லா ஸ்டேஷனிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, தப்ரேஸின் மெஷினைக் கையால் தடவிப் பார்த்தாள். டீ வேண்டாம் என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

ஜும்மா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எல்லாரும் கபர்ஸ்தான் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். நசீர் பாய் பாதிக் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, நடுவில் நின்றார்.

"காலா" என்றாள் சாயிமா. சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். "முதல்ல வெச்ச செடி செத்துப்போச்சு. நான் பச்சையா இருக்குன்னு சொன்னேன். அது பொய். இப்ப இருக்கறது வேற செடி."

"தெரியும்" என்றாள் காலா.

"எப்படி?"

"எல்லா வாரமும் டக்குனு சொல்லுவே. அன்னிக்கு மட்டும் யோசிச்சுச் சொன்னே. அதான் டிக்கெட் போட்டேன்."

வாசிம் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்க காலா. நல்லாப் பச்சையா இருக்கு. காலையிலதான் எடுத்தேன்."

காலா போனைப் பார்த்தாள். பிறகு சாயிமாவைப் பார்த்தாள். "சப்ஜா மணக்குமே. இதுல மணக்குமா?"

வாசிம் போனை இறக்கிவிட்டான். வாப்பா தொண்டையைச் செருமினார். மரத்திலிருந்து ஒரு பாதாம் இலை உதிர்ந்து நசீர் பாயின் காலடியில் விழுந்தது.

சாயிமா கேனைத் தூக்கினாள். வாரா வாரம் வாசிமிடம் கொடுக்கிற கேன். இன்று வாசிமின் கையைத் தாண்டிக் கொண்டுபோய், காலாவிடம் கொடுத்தாள்.

"நசீர் பாய்" என்றாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. செடிக்குத் தண்ணி ஊத்தணும். யாரு ஊத்துவா?"

நசீர் பாய் கேனைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை.

"எனக்கு இடுப்பு வலி" என்றார்.

வாசிமைப் பார்த்தார். வாசிம் மெதுவாகத் தன் இடுப்பில் கையை வைத்தான். "எனக்கும்" என்றான்.

வாப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது அடிக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க" என்று பேசியபடி கேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"எல்லாரும் இப்படி நின்னா செடி என்னாகும்?" என்று நசீர் பாய் சிடுசிடுத்தார். யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு காலாவிடம் இந்தியில் சொன்னார்: "பாதாம் மரத்துக்கு வலப்பக்கம். சருகு போட்டது ரெண்டு இருக்கும். சாக்கு போத்தின பெரிசுதான் உங்க பையன். சின்னதுக்கும் ரெண்டு கை தண்ணி விடுங்க, புண்ணியமாப் போகும்."

காலா செருப்பைக் கழற்றினாள். சாயிமா அதை எடுத்து, எப்போதும் போலக் கேட்டோரம் ஜோடியாக வைத்தாள். காலா இரண்டு கையாலும் கேனைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு நின்றது.

நசீர் பாய் வெளியே வந்தார்.

"யாராவது வந்து கேட்டா, உள்ள தோட்ட வேலை நடக்குதுன்னு சொல்லு" என்று சாயிமாவிடம் சொல்லிவிட்டு, கேட்டை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியைத் திருப்பினார்.